வாழைமரத்துக்குப் பின்னால் போன மைத்துனன்

புரொஜெக்டர் திரைக்கு வாழைமரம் கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன மாதம், அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மண்டபத்தில். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். மேலே சாமந்திச் சரம், ஒரு முழ அகலத்துக்கு. கீழே வரிசையாகப் பூந்தொட்டிகள். இவ்வளவும் போக மிச்சமிருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைத் துணி. அந்தத் துணியில்தான் நான் ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த ஸ்லைடுகள் ஓடின.

சிரிக்காதீர்கள். அன்று மத்தியானம் ஒரு குடும்பம் நிரந்தரமாக இரண்டாகப் போயிருக்கும். வாழைமரத்தின் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊரார் தப்பையெல்லாம் எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு வாரமாவது சொந்தச் சரக்கை இறக்க வேண்டாமா?

விழா, என் மனைவி மெய்யம்மையின் தம்பி சொக்கலிங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம். எங்கள் பக்கம் சாந்தி என்போம். அவளுக்கு இரண்டு தம்பிகள். சொக்கலிங்கம் மூத்தவன், சென்னையில் ஹார்டுவேர் வியாபாரம். இளையவன் பழனியப்பன், கோயம்புத்தூரில் ஆடிட்டர். இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது.

சொத்துத் தகராறா என்று கேட்பீர்கள். நமக்கெல்லாம் முதலில் அதுதானே தோன்றும்? அதெல்லாம் இல்லை. என் மாமனாருக்கு ஒருநாள் நெஞ்சு வலித்தது. திருச்சிக்குக் கொண்டுபோவோம் என்றான் சொக்கலிங்கம். மதுரைதான் என்றான் பழனியப்பன். நாங்கள் இருப்பது இரண்டுக்கும் நடுவில். அதுதான் வினை. காருக்குள் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க, டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க, வடக்கா தெற்கா என்று வாசலில் சண்டை... கடைசியில் புதுக்கோட்டையிலேயே ஒரு டாக்டர் பார்த்தார். வாயு என்றார். மாமனார் அதற்கப்புறமும் நெடுநாள் இருந்து, வேண்டிய மட்டும் வடை சாப்பிட்டு, தூக்கத்தில் போனார். சண்டை மட்டும் சாகவில்லை.

இந்தச் சாந்தியில் தம்பிகளைச் சேர்த்துவைத்துவிடுவது என்று மெய்யம்மை தீர்மானித்தாள். மாதக்கணக்கில் போன். அழுகை, மிரட்டல், மறுபடி அழுகை. ஒருநாள் சமையலறையில் நின்று பழனியப்பனிடம் அவள் பேசியது என் காதில் விழுந்தது.

“எனக்கும் முட்டி போச்சு, மூச்சு வாங்குது. எனக்கப்புறம் ஒங்க ரெண்டு பேரையும் சேக்க ஆள் கெடையாதுடா. நீ வரலைன்னா நானும் போகல. அவன் தனியா மாலையப் போட்டுக்கிட்டு நிக்கட்டும்.”

அவன் வருகிறேன் என்றான். “ஒனக்காக வாரேன் ஆச்சி. பின்னாடி உக்காருவேன். சாப்புட்டுப் போய்ருவேன். அவன்கிட்டப் பேசச் சொல்லாத.” எங்களில் அக்காவைத்தான் ஆச்சி என்போம். அந்த ஆச்சி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிடுகிறேன் என்றானே... அதுவே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன்.

நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனுக்கு இரண்டு வழி. ஒன்று கோயில் கமிட்டி, இன்னொன்று கம்ப்யூட்டர். நான் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டேன். ஸ்லைடு தயாரிப்பது எப்படி என்று கல்லூரி கல்லூரியாகப் போய் வாத்தியார்களுக்கு வகுப்பெடுக்கிற அளவுக்கு முற்றிவிட்டது. அந்த வகுப்பில் நான் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்கிற முதல் பாடம் எது தெரியுமா?

விளிம்பை விடுங்கள்.

ஸ்லைடின் நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்காவது காலியாகக் கிடக்கட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் திரையில் தெரியும் என்று நம்பாதீர்கள். புரொஜெக்டர் கோணலாக இருக்கும். திரை சின்னதாக இருக்கும். முன்வரிசையில் ஒரு பெரிய தலை இருக்கும். முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்காதீர்கள். வைத்தால் அது போனது போனதுதான்.

இப்படிப் பேசுகிற வாய் இது. கை வேறு மாதிரி.

சாந்திக்கு ஒரு ஸ்லைடு ஷோ போடலாம் என்று நானே முன்வந்தேன். யாரும் கேட்கவில்லை. சொக்கலிங்கம் தன் வீட்டுப் பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினான். அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

“அத்தான், பழனி இருக்கற படமாப் பாத்துப் போடுங்க.”

“ஏன்டா?”

“போடுங்கன்னா போடுங்களேன். நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லாதீங்க.”

கவனியுங்கள். பேசாத தம்பிக்கு அண்ணன் அனுப்பிய தூது அது. என் கையில் கொடுத்தனுப்பினான். கொடுக்கக் கூடாத கை.

பழனியப்பன் இருக்கிற படங்களாகவே பொறுக்கினேன். அதில் ஒரு விசேஷம், எல்லாவற்றிலும் அவன் வலது ஓரத்தில் இருப்பான். காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவன் அவன்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த கேமரா. எல்லாரையும் நிறுத்திவைத்து, டைமரைத் தட்டிவிட்டு, குடல் தெறிக்க ஓடிவந்து கடைசியில் ஒட்டிக்கொள்வான். வேட்டி ஒரு பக்கம் பறக்கும், செருப்பு ஒரு பக்கம் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் குடும்பமே சிரித்துக்கொண்டிருக்கும். அந்தப் படங்களில் இருக்கிற சிரிப்பெல்லாம் அவன் ஓடிவந்த சிரிப்பு.

நடுவில் யார்? நான். வீட்டு மாப்பிள்ளை. “மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுங்கப்பா” என்று மாமனார் சத்தம் போடுவார். எல்லாரும் நிற்க, நான் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

எல்லாம் அகலமான படங்கள். விளிம்பு விட்டால் படம் சின்னதாகிவிடும். படம் சின்னதானால் என் முகமும் சின்னதாகிவிடும் அல்லவா? இழுத்தேன். ஓரம் ஓரமாக, இம்மி விடாமல், ஸ்லைடு முழுக்க நிரப்பினேன். நடுவில் நான் ஜம்மென்று இருந்தேன். ஓரத்தைப் பார்க்கவே இல்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஓரத்தைப் பற்றி என்ன கவலை?

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மெய்யம்மை சொன்னாள்.

“மண்டபத்துல ஒரு தடவ போட்டுப் பாத்துருங்களேன்.”

“நான் எத்தனை பேருக்கு வகுப்பெடுத்தவன் தெரியுமா?”

“அவுகளுக்கு எடுத்தது இருக்கட்டும். ஒங்களுக்கு யாரு எடுத்தா?”

நான் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் விடிகாலையில், நான் பல் தேய்க்கும் முன்பே, பந்தல் மாணிக்கம் மண்டபத்துக்கு வந்துவிட்டார். எங்கள் பகுதியில் எந்த நல்ல காரியத்துக்கும் பூ அலங்காரம் அவர்தான். வந்தவர் கண்ணில் என் திரை பட்டிருக்கிறது. மங்கள காரியம் நடக்கிற இடத்தில், மேடைக்குப் பக்கத்தில், மொட்டையாக ஒரு வெள்ளைத் துணி! மனிதர் பதறிவிட்டார். மஞ்சள் குங்குமம் வைக்கலாமா என்று யோசித்திருக்கிறார். புரொஜெக்டர்காரர் கெஞ்சியதால் அதை விட்டுவிட்டு வாழைமரத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கலசாபிஷேகம் முடிந்தது. முதல் பந்திக்கு இலை போடுகிற இடைவெளியில் என் ஷோ. விளக்கை அணைத்தார்கள். நான் முன்வரிசையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையை நான் பார்க்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. எல்லாரும் இருந்தார்கள்.

திரையில் என்ன ஓடியது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். படத்தின் ஓரம் வாழைமரத்தின் மேலும் விழத்தான் செய்தது. ஆனால் பச்சை மட்டையிலும் இலையிலும் விழுந்த முகம் முகமாகவா தெரியும்? கீழே ‘அன்புத் தம்பி பழனியப்பனுடன்’ என்று நான் போட்டிருந்த வரிகள் பூந்தொட்டிக்குள் போய்விட்டன. படத்துக்குப் படம் ஒரே காட்சி. நடுவில் நாற்காலியில் நான். சுற்றிலும் என் மாமனார் குடும்பம், ஒட்டுமொத்தமாக வலது பக்கம் திரும்பி, ஒரு வாழைமரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

சபையும் சிரித்தது. என் ரசனைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்தேன். ரிமோட்டை இன்னும் உற்சாகமாக அழுத்தினேன்.

பின்வரிசையில் யாரோ ஓர் உறவுக்காரர், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சொன்னாராம்.

“எல்லாரும் இருக்காக, எளையவனை மட்டும் காணமே. சொக்கலிங்கம் வெட்டிட்டாரு போல.”

அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் பழனியப்பன்.

விளக்கு போட்டதும் தோளில் ஒரு கிள்ளு. மெய்யம்மை. முகம் வெளுத்திருந்தது.

“பழனி போறான். சாப்புடாமப் போறான்.”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விசேஷத்துக்கு வராமல் இருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அதையும் பொறுத்துக்கொள்வார்கள். வந்துவிட்டு இலையில் கை வைக்காமல் போனால், அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று அர்த்தம். சாவுக்குக்கூட யோசித்துத்தான் வருவார்கள்.

சொக்கலிங்கம் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

“அத்தான், என்ன இது? பழனி படம் ஒண்ணுகூட வரலயே? அவன் இருக்கறதாத்தானே போடச் சொன்னேன்?”

அப்போதுதான் நான் திரையை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. நானும் ஒரு நொடியில் ஒரு காரியம் செய்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்... திரைக்குப் பக்கத்தில் நின்ற மாணிக்கத்தைக் கைகாட்டினேன்.

“இவரைக் கேளு! யாருய்யா ஒன்னய இங்கிட்டு வாழைமரம் கட்டச் சொன்னது? ஸ்கிரீன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

“அய்யா, வெள்ளத் துணி மொட்டையா நின்னுச்சுங்க. நல்ல காரியத்துல...”

“வாயை மூடு!”

அத்தனை பேர் முன்னால். அவர் தலையில் இன்னும் சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

மெய்யம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். குடும்பம் நடத்திய யாருக்கும் அந்தப் பார்வை தெரியும். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பழனியப்பன் போன் அணைத்துக் கிடந்தது. அவன் மெயின் ரோட்டுக்கு நடந்து போய்விட்டான், புதுக்கோட்டை பஸ் வருகிற நேரம் என்றார்கள். வாசலில் இருந்த கார்களையெல்லாம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக அடைத்து நிறுத்தியிருந்தார்கள். எடுக்க முடிகிற வண்டி ஒன்றே ஒன்று. மாணிக்கத்தின் மொபெட்.

“மாணிக்கம்... பஸ் ஸ்டாப் வரைக்கும் விட முடியுமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்களுக்காக இல்லைங்க. ஆச்சி அழுவுறாகன்னு வாரேன்.”

வண்டியில் ஏறியதும் பின்பக்கம் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தார். “இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு பய என்னய வாயை மூடுன்னு சொன்னதில்ல. அதும் ஒரு வாழைமரத்துக்கு.”

“தப்பு என்னோடதுதான் மாணிக்கம்.”

“கேக்கலைங்க. காத்தடிக்குது.”

இரண்டாவது முறை உரக்கச் சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்கவில்லை என்றார். அவருக்கு நன்றாகவே கேட்டது என்று எனக்குத் தெரியும்.

பழனியப்பன் நிழற்குடையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பஸ் இன்னும் வரவில்லை. அந்தப் பஸ் நேரத்துக்கு வராது என்பதுதான் அன்று எங்களுக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம்.

“போய்ருங்க அத்தான். ஒங்க மேல கோவம் இல்ல. அவன் வெட்டச் சொல்லிருக்கான், நீங்க வெட்டிருக்கீங்க.”

“வெட்டல மாப்பிளே. இதைப் பாரு.”

லேப்டாப்பைத் திறந்தேன். உச்சி வெயில். கண்ணாடி மாதிரி எங்கள் இரண்டு வழுக்கைத் தலைதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் என் துண்டை எடுத்து இருவர் தலையையும் லேப்டாப்பையும் சேர்த்து மூடினேன். ரோட்டில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். துண்டுக்குள் புழுக்கம். முதல் படத்தைப் போட்டேன்.

“ஓரத்துல யாரு?”

அடுத்த படம். அதற்கடுத்தது.

“இது பொங்கலுக்கு எடுத்தது,” என்றான் மெல்ல. “வேட்டி அவுந்துருச்சு அன்னைக்கு. அப்பா அந்தச் சிரி சிரிச்சாரு...”

“நீ இல்லாத படம் ஒண்ணுகூட இதுல இல்ல. பொறுக்கிப் போடச் சொன்னதே ஒங்கண்ணன்தான். சொல்லாதீங்கன்னான். சொல்லிட்டேன்.”

அவன் லேப்டாப்பை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தான்.

“அப்பறம் ஏன் தெரியல?”

“மரம் மறைச்சிருச்சு. சுத்திலும் எடம் விட்டுப் போட்டிருந்தா மரம் மறைச்சும் நீ தெரிஞ்சிருப்ப. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்குடுக்கறவன் நான். ஒங்க வீட்டுக்கு மட்டும் விடல.”

“ஏன்?”

“எம் மூஞ்சி சின்னதாப் போயிரும்னு.”

இதைச் சொல்வதற்குத் துண்டு வசதியாக இருந்தது. வெளிச்சத்தில் சொல்லியிருக்க மாட்டேன்.

“அங்க என்ன சொன்னீங்க? அண்ணன் கேட்டிருப்பான்ல?”

நான் தயங்கினேன். துண்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எம் மேல பழியப் போட்டாருங்க. எல்லாரு முன்னாடியும்.”

பழனியப்பன் துண்டை விலக்கினான். என்னைப் பார்த்தான், மாணிக்கத்தைப் பார்த்தான். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

“இப்ப எங்கிட்டச் சொன்னதை அங்க வந்து எல்லாரு முன்னாடியும் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“மூஞ்சி சின்னதாப் போயிருமேன்னு சொன்னீங்களே, அதையும்?”

“...சொல்றேன்.”

பஸ் வந்தது, நின்றது, போனது. ஒரு மொபெட்டில் மூன்று பேர், ஒரு பை, ஒரு லேப்டாப். ஏற்றத்தில் நான் இறங்கி நடந்தேன். அவர்கள் இருவரும் இறங்கவில்லை.

மண்டபத்தில் முதல் பந்தி எழுந்திருந்தது. சொக்கலிங்கம் சாப்பிடவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மெய்யம்மை. தம்பியைப் பார்த்ததும் எழுந்தான். பழனியப்பன் இரண்டு அடி தள்ளியே நின்றான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். விளிம்பு விடாததைச் சொன்னேன். முதல் நாள் போட்டுப் பார்க்காமல் தூங்கியதைச் சொன்னேன். முகம் சின்னதாகிவிடும் என்று நினைத்ததைச் சொன்னேன். மாணிக்கத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை, வாயை மூடு என்று சொன்ன வாயை மூடியிருக்க வேண்டியவன் நான்தான் என்று சொன்னேன். கையில் அப்பளத்தோடு பரிமாறுகிறவர்கள் நின்று கேட்டார்கள். கல்லூரியில்கூட இவ்வளவு அமைதியாக யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

சொக்கலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெடித்தான்.

“அத்தான், ஒங்களுக்கு அறிவிருக்கா?”

“அதைத்தான்ணே நானும் கேக்கறேன்,” என்றான் பழனியப்பன்.

அவ்வளவுதான். பல வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் தம்பி பேசிய முதல் வார்த்தை அது. மெய்யம்மை வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எந்தப் படத்தை எடுத்தாலும் நடுவுல இவருதான்டா! கால்மேல கால்! யாருக்கு சாந்தி, எனக்கா இவருக்கா?”

“பஸ் ஸ்டாப்புல துண்டைப் போட்டு மூடிட்டாருண்ணே. பாக்கறவன் என்ன நெனைப்பான்?”

“கல்யாணம் ஆன புதுசுலருந்து இப்படித்தான். நீ சின்னப் பய, ஒனக்குத் தெரியாது.”

“எனக்கா தெரியாது? எங்கிட்ட ஒரு தடவ என்ன செஞ்சாரு தெரியுமா...”

பேசிக்கொண்டே இருவரும் உள்ளே போனார்கள். பேசிக்கொண்டே பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். சாம்பாருக்கு ஒரு குற்றம், ரசத்துக்கு ஒரு குற்றம், பாயசத்துக்கு இரண்டு என்று என்னைப் பரிமாறிக்கொண்டார்கள். திருச்சியா மதுரையா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. மோர் ஊற்றும்போது மறுபடி கிளம்பப் பார்த்தது. மெய்யம்மை இரண்டு பேர் தலையிலும் குட்டி அடக்கினாள்.

மாணிக்கம் என்னை மன்னித்தாரா தெரியவில்லை. கேட்டேன். “அடுத்த விசேசத்துக்குப் பாப்போம்” என்றார்.

இந்த வயதில் புத்தி வந்து என்ன, வராவிட்டால் என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்லைடுக்கு விளிம்பு விடச் சொல்வது துணி சின்னது என்பதற்காக மட்டுமில்லை. நம் கண் சின்னது. நம்மைத் தவிர மற்றவர்களெல்லாம் அதில் ஓரத்தில்தான் விழுகிறார்கள். கொஞ்சம் இடம் விட்டால்தான் தெரிவார்கள்.

இப்போது அண்ணனும் தம்பியும் தினமும் போனில் பேசுகிறார்கள். மெய்யம்மைக்கு இரண்டு பக்கத்துச் செய்தியும் வந்துவிடுகிறது. அவள் முகத்தில் இப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை. பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தானாம். வேறு எந்த விஷயத்திலும் அவர்களுக்கு ஒத்துப்போகவில்லையாம்.

திருந்திவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் திருந்திவிட்டால், பாவம், அவர்கள் எதைப் பேசுவார்கள்?